கம்பளக் கேள்வி-பதில்: முதுகைத் திருப்பிப் பாருங்கள்

தோட்டத்துப் பங்களா ஏலத்தில் எடுத்த பாரசீகக் கம்பளம். போட்டோ இணைத்திருக்கிறேன். என்ன விலை போகும்? (ஹட்டன்)

முன்பக்கத்தை மட்டும் அனுப்பினால் எப்படிச் சொல்ல? பின்பக்கத்தை, பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து, கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். முடிச்சும் பாவும் (நீளவாட்டு நூல்) பழுதுபார்த்த இடங்களும் அங்கேதான் தெரியும். எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

சிவப்பு நடுவில் பட்டையாக வெளிறி, திரும்பக் கருக்கிறது. பழுதா? (பண்டாரவளை)

இல்லை. அப்ராஷ் என்பார்கள். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத்தில் போட்டெடுத்தால் ஒவ்வொரு தடவையும் நிறம் சற்று மாறும். இதை மட்டும் வைத்துப் பழசு என்று முடிவுகட்டாதீர்கள். இப்போது வேண்டுமென்றே அப்படி நெய்கிறார்கள்.

கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கின்றன. அந்துப்பூச்சியா? (பதுளை)

அந்து கோடு பார்த்துத் தின்னாது. கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்பு சேர்த்துச் சாயமேற்றினார்கள். அந்த இரும்புதான் காலப்போக்கில் கம்பளியை அரிக்கிறது. பழைய கம்பளத்தில் அது நல்ல அறிகுறி.

"நூறு வருசப் பழசு, அதனால் முழுக்க இயற்கைச் சாயம்" என்று விற்றார்கள். வெள்ளையெல்லாம் பழுப்பு, குஞ்சமும் அதே பழுப்பு. நம்பலாமா? (தலவாக்கலை)

நம்பாதீர்கள். முதலில் அந்தக் கணக்கே பிழை. ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டது 1856இல். மஞ்சிட்டி இன வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868இல் ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். செயற்கை அவுரி நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. நூறு வருசத்துக்கு முந்திய கம்பளத்தில் செயற்கைச் சாயம் தாராளமாக இருக்கலாம். அவுரி நீலம் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று கண்ணால் சொல்லவே முடியாது. இரண்டும் ஒரே பொருள்.

அடுத்தது அந்தப் பழுப்பு. உண்மையில் பழசானால் வெயில் பட்ட நுனி மங்கும், அடி வெள்ளையாக நிற்கும். போன வருடம் ஒருவர் இதே மாதிரி ஒன்றைத் தூக்கி வந்தார். மயிரை விரலால் பிரித்தேன். அடிவரை ஒரே பழுப்பு, பின்பக்கத்துப் பருத்திப் பாவிலும் அதே பழுப்பு. தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்த புதுக் கம்பளம்! இன்னொரு மூலையில் சிவப்பின் நுனி சாம்பல், அடி பளீரென்ற இளஞ்சிவப்பு. அனிலின் என்ற மலிவான செயற்கைச் சாயம் வெளிச்சத்தில் மங்குவது அப்படித்தான். அவர் கொடுத்தது மூன்று மாதச் சம்பளம். கொழுந்து பறித்த கைகளின் உழைப்பை எடுத்து இப்படி ஏமாற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தேயிலைக் கறை வெள்ளைக் கம்பளியில் ஏறினால் முழுசாகப் போகாது. வாங்குமுன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள், மயிரைப் பிரியுங்கள், முதுகைத் திருப்புங்கள்.

மன்னார்ச் சாயவேர் பாரசீகக் கம்பளத்தில் உண்டா? (கண்டி)

சாயவேர் என்பது சிவப்புச் சாயம் தரும் செடிவேர், பருத்தித் துணிக்குப் பேர்போனது. பாரசீகச் சிவப்பு பெரும்பாலும் மஞ்சிட்டி இன வேர். இரண்டிலும் அலிசரின் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் பார்த்துக் குழம்புவது இயல்பு.

என் கம்பளத்து இலைகள் நீலமாகிவிட்டன. (மாத்தளை)

பச்சை என்பது மஞ்சளும் அவுரியும். மஞ்சள் முதலில் போய்விடும்.

மழைக்காலத்தில் எப்படி வைப்பது? (நுவரெலியா)

மடிக்காமல் தடியில் சுருட்டி, பருத்தித் துணி சுற்றி, ஈரச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். சோபாவுக்கு அடியில் கிடப்பதை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அந்து இருட்டில்தான் முட்டையிடும். பொலித்தீன் வேண்டவே வேண்டாம். வொஷிங் பவுடர் போட்டுத் தகரக் கூரையில் காயப்போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இனிமேல் செய்யாதீர்கள்.