சர்வே கேள்வித்தாளை நன்றாக அமைக்க என்னென்ன நுட்பங்கள் உள்ளன? அடிப்படை தெரியும், அதற்கு மேல் சொல்லுங்கள்.

அடிப்படை தெரியும் என்கிறீர்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு விஷயத்தைத் திணிக்கக் கூடாது, நாம் எதிர்பார்க்கும் பதிலை வாயில் ஊட்டக் கூடாது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அநேகமாக முனைவர் பட்டத்துக்கோ எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ப்ராஜெக்ட்டுக்கோ வீடு வீடாகப் போகப்போகிறீர்கள். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற திட்டம் என்றால் இந்தப் பதிலில் பாதிதான் உங்களுக்கு உதவும்.

நான் மும்பையில் தாராவி, சயான், ஆண்டாப் ஹில் பக்கம் பல வருஷமாகக் களப்பணி செய்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள், இப்போது அப்படிக் கேட்பவர்களுக்கு சூப்பர்வைசர். புள்ளியியல் பட்டம் கிடையாது. "மாதிரியின் அளவைப் பற்றி, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்பதைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லையே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். அது வேறு கேள்வி, அதற்குப் படித்தவர்கள் பதில் சொல்லட்டும். கேள்வியே தப்பாக இருந்தால் பத்தாயிரம் வீட்டில் கேட்டாலும் அதே தப்புதான் பத்தாயிரம் தடவை பதிவாகும்.

எனக்குத் தெரிந்த பெரிய நுட்பம் ஒன்றுதான். ஒருவரிடம் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள். நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்தபடி சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு. வெளியூர்க் கல்வி நிறுவனம் ஒன்று நடத்தியது, பெயர் வேண்டாம். டேப்லெட்டில் கேள்வி இப்படி இருந்தது: "கடந்த ஓராண்டில் நீங்கள் வருமானம் தரும் வேலை எதிலாவது ஈடுபட்டீர்களா?" இல்லை என்று தட்டினால் அந்தப் பகுதி முழுவதும் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடும்.

தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், இட்லி வியாபாரம் செய்கிற குடும்பம். புருஷன் விடியற்காலையில் சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போவார். நான் போனபோது அந்த வீட்டு அக்கா மோரியில் (பாத்திரம் கழுவும் மூலையில்) உட்கார்ந்து இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்றைய அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கிரைண்டர் மேல் ஈரத்துணி. முழங்கை வரை சாம்பல். கேள்வியை வாசித்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் வந்தது:

"யாவாரமெல்லாம் அவுகதாம்மா பாக்காக. நான் வீட்டுலதான் இருக்கேன்."

மாவு ஆட்டுவது, மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது, சட்னி அரைப்பது, பாத்திரம் கழுவுவது, கடனுக்கு வாங்கிச் சாப்பிட்டவர்களின் கணக்கு வைப்பது எல்லாம் அவர். டேப்லெட்டோ அவரை "வேலை செய்யாதவர்" என்று எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்குத் தாவியது. நம் அரசாங்கம் நடத்தும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவருக்கு 21 என்று தனிக் குறியீடே உண்டு. அவரும் தொழிலாளர் கணக்கில் சேர வேண்டியவர். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. இந்த அக்கா 21. நாம் கேட்ட விதத்தில் 92 ஆகிவிட்டார். அந்தச் சந்து முழுக்க இதே கதைதான்.

அன்று சாயங்காலமே ப்ராஜெக்ட் பார்த்துக்கொண்ட மேடத்திடம் சொன்னேன். "இது ஏற்கெனவே பல இடத்தில் பயன்படுத்திய கேள்வி, மாற்றினால் மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதனால் கேள்வியை எடுக்கச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் இன்னொரு பகுதியைச் சேர்க்கச் சொன்னேன். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்: விற்பதற்கு மாவு ஆட்டினீர்களா, முறுக்கு சுட்டீர்களா, அப்பளம் தேய்த்தீர்களா, கம்பெனி சட்டைக்கு நூல் வெட்டினீர்களா, மணி கோத்தீர்களா, வேறு ஆட்களுக்கு டிபன் கட்டினீர்களா, டியூஷன் எடுத்தீர்களா. அரசாங்கம் 2019-இலும் 2024-இலும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இந்த வழிதான். முதல் நாள் காலை நாலு மணியிலிருந்து மறுநாள் காலை நாலு மணி வரை அரை மணி அரை மணியாகக் கேட்பார்கள். அதைச் சொன்னதும் மேடம் கொஞ்சம் யோசித்தார். மறுநாள் அதே சந்தில் முயன்று பார்க்கச் சொன்னார்.

அதே அக்கா. மாவு என்று வாயெடுத்ததும், "பின்ன, அத யாரு செய்வா?" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரரும் வாசலில் வந்து உட்கார்ந்து தன் கணக்கைச் சொன்னார். பட்டியல் கேள்வி இறுதி ஃபார்மில் சேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பணத்துக்கும் இதே வழி பொருந்தும். சேமிப்பு உண்டா என்றால் இல்லை என்பார்கள். சீட்டு கட்டுகிறீர்களா, மகளிர் குழுவில் மாதம் எவ்வளவு போடுகிறீர்கள், நகை அடகில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு பின்னால் போய்க் கேட்பது என்பதில் அசட்டையாக இருக்காதீர்கள். 1999-2000-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55-ஆவது சுற்றில் சாப்பாட்டுச் செலவை ஒரே வீட்டில் ஏழு நாளுக்கும் முப்பது நாளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் அதற்கு ஒத்து வருகிற மாதிரி இன்னொன்றையும் சொல்லிவிடுவார் இல்லையா? அந்தச் சுற்றை வைத்து வறுமை 26 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று சொன்ன கணக்கை, முந்தைய சுற்றோடு ஒப்பிட முடியுமா என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஒரு நாட்டின் ஏழைகள் எத்தனை பேர் என்பதே கேள்வித்தாளில் இரண்டு கட்டத்தால் ஆட்டம் கண்டது. அரிசி, காய்கறிக்கு ஒரு வாரம், மின்கட்டணத்துக்கு ஒரு மாதம், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வருஷம் என்று பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு வருஷம் என்பதைவிடப் போன பொங்கலிலிருந்து, கணபதி பண்டிகையிலிருந்து என்றால் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று, புத்தகம் படித்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது. "ஆம்" என்றால் பத்துக் கேள்வி திறக்கும், "இல்லை" என்றால் தாண்டலாம் என்கிற மாதிரிக் கேள்விகளை வரிசையாக வைத்தால், மூன்றாவது கேள்விக்குள் பதில் சொல்பவருக்கு சூட்சுமம் புரிந்துவிடும். அப்புறம் எல்லாமே "இல்லை"தான். ஆம்/இல்லை கேள்விகளை முதலில் மொத்தமாகக் கேட்டு முடித்துவிட்டு, விவரத்துக்குப் பிறகு திரும்பி வாருங்கள்.

ரொம்பத் திருப்தி என்பதிலிருந்து திருப்தியே இல்லை என்பது வரை ஐந்து படி அளவுகோல் வேண்டுமென்றால் ஐந்தையும் மூச்சுவிடாமல் வாசிக்காதீர்கள். காதால் கேட்பவர் கடைசியில் கேட்டதைத்தான் பிடித்துக்கொள்வார். முதலில் திருப்தியா இல்லையா, அப்புறம் ரொம்பவா கொஞ்சமா என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். அடி, குடி, கடன் பற்றிய கேள்விகள் கடைசியில் வரட்டும். மாமியாரோ புருஷனோ பக்கத்தில் இருந்தால் கேட்கவே கேட்காதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் தனிமை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கூடவே நடந்து போய் கேட்டிருக்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஏஜென்சியில் எங்கள் பெண்களுக்கு ஃபார்முக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஃபார்ம் நிராகரிக்கப்பட்டால் அதுவும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாமல் மூன்று தடவை ஏறி இறங்கியதற்கும் ஒன்றும் இல்லை. காலை முதல் மாலை வரை சந்து சந்தாகப் போகிற பெண்கள் கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்று மேலே இருப்பவர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றால் ஒரு ஃபார்ம் போச்சு என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். என் குழுவில் ஒரு பெண்ணுக்கு இதனாலேயே திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வந்தது. அறிக்கையில் "பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள்" என்று அரை வரி போடுவார்கள், அவ்வளவுதான். நூற்றுப்பத்துக் கேள்வி உள்ள ஃபார்மை இந்த நிலையில் ஒருவர் எப்படிக் கேட்டு முடிப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் கேள்வித்தாளைச் சுருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பைலட்டுக்கு, அதாவது சில வீடுகளில் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்ப்பதற்கு, வருகிறேன். முதல் சில வீடுகளில் பதிலை வாங்கியதும், "நான் இப்போ என்ன கேட்டேன், உங்க பாஷையில திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சிலர் சொல்வதைக் கேட்டால் உங்கள் கேள்வி அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை என்பது தெரியும். அன்று மாலை களத்துக்குப் போனவர்களை உட்காரவைத்து, எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள், எதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். திட்டுவீர்கள் என்று பயந்தால் சொல்ல மாட்டார்கள். அவர்கள் மாற்றிக் கேட்டதுதான் பல சமயம் சரியான கேள்வியாக இருக்கும், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு ஃபார்ம் கணக்கு பார்க்காமல் முழுநாள் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.