தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஸ்மார்ட் வீடு தேவையா?

கேள்வி: சென்னை நங்கநல்லூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் தாயார் தனியாக இருக்கிறார். வயது 79. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வாக்கர் பிடித்து நடக்கிறார். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். குரலுக்கு எரியும் விளக்குகள், கேமரா, ஸ்மார்ட் பூட்டு எல்லாம் சேர்த்து ‘முதியோர் பாதுகாப்புத் தொகுப்பு’ என்று 1,85,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தொகுப்பாக வாங்காதீர்கள். அம்மா விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதானே உங்கள் கவலை? அதற்குச் சில ஆயிரங்கள் போதும். கட்டிலருகே ஒன்று, குளியலறையில் ஒன்று என்று கம்பியில்லா அழைப்பு மணி வையுங்கள். ஒலிக்கும் பெட்டி, பேட்டரியில் இயங்குவதாக, எதிர்வீட்டில் இருக்கட்டும். இதற்கு இணையம் தேவையில்லை. குளியலறைப் பொத்தானை நிற்கிற உயரத்தில் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். விழுந்தவருக்குக் கை எட்டாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை தொங்கும் இழுகயிறு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில், நடமாட்டம் கண்டதும் தானே எரியும் சிறு விளக்குகள் போடுங்கள்.

குரலுக்கு எரியும் விளக்கு, மின்சாரம் போய், இணையம் தரும் ரௌட்டர் அணைந்தால் காது கேட்காததாகிவிடும். 2016 வர்தா புயலையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊரில் இதை விற்பவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய வம்பு, இந்தக் கருவிகளை இயக்கும் கைபேசிச் செயலியின் கணக்கு. பொருத்த வருபவர், ‘சார், நானே பதிந்து தருகிறேன்’ என்று தன் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவார். அன்றிலிருந்து வீட்டுக்கு எஜமானர் அவர்தான். உங்கள் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் கடவுச்சொல் தரமாட்டார். ஓடிபி உங்கள் கைபேசிக்குத்தான் வர வேண்டும். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றி, வேறு யார் பெயராவது சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குங்கள்.

தொகுப்பில் ஒன்றுக்கு மட்டும் நான் தலையாட்டுவேன்: மணி கேட்டு ஓடிவரும் எதிர்வீட்டார் உள்ளே வர, எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. அதுவும் அம்மா இரவில் உள்தாழ்ப்பாள் போடாதவராக இருந்தால். நம் வீட்டுப் பெரியவர்கள் தாழ்ப்பாள் போடாமல் தூங்குவார்களா? போட்டுவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்த பூட்டானாலும் கதவை உடைக்கத்தான் வேண்டும். வெளியே கிரில் கேட்டில் திண்டுக்கல் பூட்டு தொங்கினாலும் இதே கதி. தாழ்ப்பாளைக் கழற்ற அம்மா பயந்தால், வற்புறுத்தாதீர்கள். இந்தப் பூட்டையும் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினாலே திறப்பதாகவும், பேட்டரி தீர்ந்தால் சாவி போட்டுத் திறப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். அந்தச் சாவியும் எதிர்வீட்டில் இருக்கட்டும்.

வயரிங் வேலைக்கு உரிமம் கேட்கும் அரசு, சுவிட்ச் பலகையைத் திறந்து விளக்கைச் செயலி வழியாக இயக்க ஏதோ ஒரு ரிலேயை (தானியங்கி சுவிட்சை) செருகுபவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அட்டைப்பெட்டியில் ‘முதியோருக்கானது’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். புகார் கொடுக்கப் போனால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும். ஆகவே சோதனையை நீங்களே செய்யுங்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுங்கள். எதிர்வீட்டில் மணி ஒலித்தால் மட்டும் பணம் கொடுங்கள்.