பொதுச் சுவரில் வரைந்த ஓவியம் ஒரே மழைக்காலத்தில் உரிகிறதே, ஏன்? சுவரடியில் செடியும் வைக்கலாமா?

பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பில்லை, சுவருக்குள் இருக்கும் ஈரம்தான் காரணம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இப்போது வரைய வேண்டாம். புது சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும்; அதன் காரத்தன்மை பெயின்டைத் தின்றுவிடும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு சிமென்டின் காரம் தாங்கும் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிப்பது) ஒரு கோட், அதன்மேல் தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்புக்கு ஆசைப்பட்டு எனாமல் என்ற எண்ணெய் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் போடும். உட்சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் வெளிச்சுவருக்கு ஆகவே ஆகாது.

வெயில் விழும் சுவரில் பளிச்சென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கும். காவி, செம்மண், பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நின்று பிடிக்கும். வடிவமைக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

செடி தாராளமாக வைக்கலாம், ஆனால் மண்ணைச் சுவரோடு சேர்த்துக் குவிக்காதீர்கள். ஓரடி இடைவெளி விட்டு அதில் ஜல்லி நிரப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீரே சுவரில் ஏறும். ஒட்டிப் படரும் கொடிகள் வேண்டாம், பெயின்டோடு பிய்ந்து வரும்.