புது டிஸ்க் மாட்டியும் லேப்டாப் எழுந்திருக்கவில்லையே!

கேள்வி: 2009-ல் வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி நானே மாட்டினேன். ஆன் செய்தால் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றுதான் வருகிறது. இரண்டு முறை கழற்றி மாட்டியும் அதே கதை. டிஸ்க் கோளாறா, மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கலாம், அவசரப்பட்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். புது டிஸ்க்கில் விண்டோஸ், லினக்ஸ் எதுவும் இருக்காது, அதனால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் ‘தொடங்க ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை’ என்ற இந்தச் செய்தி வரத்தான் செய்யும். ஆன் செய்ததும் எஃப்2-வைத் தட்டி (சில மாடல்களில் எஃப்10, டெலீட் அல்லது எஸ்கேப்) பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போய், டிஸ்க்கின் மாடல் எண் தெரிகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தெரியவில்லையா? சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கின் நுனியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க் என்றால் 15 தொடுமுனைகளோடு நீளமாக ஒன்று, 7 தொடுமுனைகளோடு குட்டையாக ஒன்று என இரண்டு தட்டையான நாக்குகள் தெரிய வேண்டும். அவை தெரியாமல் வேறு ஏதோ பிளாஸ்டிக் முனை தெரிந்தால், அது லேப்டாப்காரர்கள் செருகிய சின்ன கனெக்டர் துண்டு. டிஸ்க்கின் பாகம் மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும், மெதுவாக இழுத்தால் வந்துவிடும், அதைப் புதியதில் மாட்ட வேண்டும். இன்னொன்று தடிமன். பழைய டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மிமீ, எஸ்எஸ்டி 7 மிமீ. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிஸ்க் சாய்ந்து, கனெக்டரில் முழுசாக உட்காராமல் போகலாம். சில எஸ்எஸ்டிகளோடு அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். நானே ஒருமுறை அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க மதர்போர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியும் தெரியவில்லை என்றால் யூஎஸ்பி-சாட்டா கேபிளில் வேறு கணினியோடு இணையுங்கள். ‘மை கம்ப்யூட்டர்’-இல் (புது விண்டோஸில் ‘திஸ் பிசி’) தேடாதீர்கள், ஃபார்மட் செய்யாத டிஸ்க் அங்கே வராது, ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’-இல் பாருங்கள். அங்கே வந்தால் டிஸ்க் நல்ல டிஸ்க், சந்தேகம் லேப்டாப்பின் கேபிள் மீதோ கனெக்டர் மீதோதான்.

பயாஸில் தெரிகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்து லேப்டாப்களில் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) அநேகமாக இருக்காது, ஆகவே இன்ஸ்டால் பென்டிரைவை எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் பழைய முறை) முறையில் தயாரியுங்கள். டிஸ்க் ஜிபிடி (அதன் புது முறை) என்று சொல்லி விண்டோஸ் நிறுவ மறுத்தால், ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் வரும் கட்டளைத் திரையில் ‘டிஸ்க்பார்ட்’ திறந்து, ‘லிஸ்ட் டிஸ்க்’ பட்டியலில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன்’, பிறகு ‘கன்வெர்ட் எம்பிஆர்’ கொடுங்கள். பட்டியலில் பென்டிரைவும் நிற்கும், கொள்ளளவைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள், தவறான எண்ணுக்குக் ‘கிளீன்’ கொடுத்தால் அதில் உள்ளதெல்லாம் போச்சு. பயாஸில் ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்கோடு பேசும் ஒரு முறை) முறை இருந்தால் நிறுவுவதற்கு முன்பே அதற்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வரலாம்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்எஸ்டி வினாடிக்கு 6 ஜிகாபிட், உங்கள் லேப்டாப் 3 என்றால், 3-லேயே ஓடும்.

அப்புறம், யூஎஸ்பி-சாட்டா கேபிள் கையில் இருக்கும்போதே பழைய டிஸ்க்கையும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், படங்கள் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.