பாலத்தைத் தாண்டினால் ஜேர்மனி: லௌஃபென்புர்க்கில் ஒரு நாள்

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பாசலில் வசிக்கிறோம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசா. ரைன் கரையிலுள்ள லௌஃபென்புர்க்குக்குக் கூட்டிப்போக ஆசை. பாலம் கடந்து ஜேர்மன் பக்கம் போய்வரலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: தாராளமாகப் போகலாம். சுவிஸும் ஜேர்மனியும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் வட்டாரத்துக்குள் இருப்பதால், பாலத்தைக் கடப்பதால் அந்த ஒருமுறை நுழைவு தீர்ந்துபோகாது. ஆனால் 2023 முதல் ஜேர்மனி தன் சுவிஸ் எல்லையில் சோதனை நடத்துகிறது. அதனால் எல்லோரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நீங்கள் வதிவிட அட்டையையும். உங்களோடு வருகிறவர்களில் யாருக்காவது ‘எஃப்’ (F, தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்) அல்லது ‘என்’ (N, தஞ்சம் கோரியவர்) அனுமதி அட்டை இருந்தால், முன் அனுமதி இல்லாமல் அவர் பாலத்தைத் தாண்டவே கூடாது. பத்து நிமிட நடைதானே என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும்போது பெரிய சிக்கலாகிவிடும்.

பாசல் எஸ்பிபி நிலையத்திலிருந்து எஸ்1 ரயில் எடுங்கள். இந்தத் தடம் ஃப்ரிக், லௌஃபென்புர்க் என்று இரண்டு ஊர்களில் முடியும். ஏறுமுன் பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். திரும்புவதும் சுவிஸ் பக்கமாகவே இருக்கட்டும். ஜேர்மன் கரையிலும் ரயில் உண்டு, ஆனால் டிக்கெட் குழப்பம் வேண்டாம்.

ஊருக்குள் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதெல்லாம் புரியும். இது இரண்டு ஊரல்ல, வெட்டப்பட்ட ஒரே ஊர். ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் இரு கரையும் சேர்ந்தே இருந்தன. 1801இல் பிரான்சும் ஆஸ்திரியாவும் செய்த லுனவில் ஒப்பந்தம் ரைன் நதியை எல்லையாக்க, இடது கரை பிறகு சுவிஸ் ஆனது, வலது கரை பாடன் என்ற ஜேர்மன் அரசின் ஆட்சிக்குப் போனது. ஆனாலும் 1386ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மீனவர் சங்கத்தின் கார்னிவலை இரு கரையினரும் இன்றும் சேர்ந்தே கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

மீனவர் சங்கம் என்றால் சால்மன் மீன். இங்கே ஒரு காலத்தில் நதி பாறைகளுக்கு நடுவே சீறிப் பாய்ந்தது. படகில் வந்த சரக்கை இறக்கி, வெறும் படகைக் கயிறு கட்டிக் கீழே விடுவார்கள். ஊர் பிழைத்ததே அந்த வேலையிலும் மீனிலும்தான். 1908க்கும் 1914க்கும் இடையே நீர்மின் நிலையம் கட்டியபோது பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது பாலத்தில் நின்று பார்த்தால் குளம்போல அமைதியான தண்ணீர். அப்பாவுக்கு இதை அங்கேயே நின்று சொல்லுங்கள்.

அவருக்குப் பொறியியலில் ஆர்வம் இருந்தால் புதிய பாலத்தின் கதையும் உண்டு. சுவிஸ்காரர் கடல்மட்டத்தை மார்செய்யை வைத்தும் ஜேர்மனியர் ஆம்ஸ்டர்டாமை வைத்தும் அளக்கிறார்கள். வித்தியாசம் 27 சென்டிமீட்டர். அதைத் தெரிந்தே கணக்குப் போட்டார்கள், ஆனால் கூட்டல் கழித்தல் மாறிப்போய், 2003இல் இரு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிட்டது. பிறகு திருத்திக் கட்டினார்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். சுவிஸ் பக்கப் பழைய தெருக்கள் கல் பாவிய ஏற்றம், கோட்டை இடிபாட்டுக்கு மேலும் ஏற வேண்டும். அவரை ஏற்ற வேண்டாம். மெதுவாகப் பாலம் கடந்து ஜேர்மன் கரையில் உட்கார வையுங்கள். எதிரே வீடுகள், தேவாலயம், கோபுரம் என்று முழு ஊரும் அடுக்காகத் தெரியும். உண்மையில் நல்ல காட்சியே அங்கிருந்துதான். நீங்களும் அப்பாவும் மட்டும் கோட்டைக்கு ஏறி வாருங்கள்.

ஊர் அரை நாளில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு, திரும்பும் வழியில் ஷ்டைன்-செக்கிங்கன் நிலையத்தில் இறங்கி, எதிர்க்கரையில் இருக்கும் ஜேர்மன் ஊரான பாட் செக்கிங்கனுக்குப் போகும் கூரையிட்ட மரப்பாலத்தைப் பாருங்கள். 200 மீட்டருக்குச் சற்று அதிகம், தளம் சமமாக இருப்பதால் அம்மாவும் நடக்கலாம்.

சனிக்கிழமையே நல்லது, ஞாயிறில் இரு பக்கமும் கடைகள் மூடியிருக்கும். கொஞ்சம் யூரோ தாளாக வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் சுவிஸ் போன்கள் தானாகவே ஜேர்மன் அலைக்கு மாறிவிடும், ரோமிங் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அப்புறம், ஜேர்மன் பக்கம் சாமான் வாங்கினால், 2025 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 ஃபிராங்க் வரைதான் வரியில்லை. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான். மீனுக்கு அந்தக் கிலோ கணக்கு இல்லை.