பழைய லாக் கேபினை வாங்கி இடம் மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலைனாவில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். கிழக்கு டென்னசியில் 16க்கு 18 அடியில் பழைய லாக் கேபின் (முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1840களில் கட்டியதாம். அப்படியே லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: அப்படியே ஏற்றுவதை மறந்துவிடுங்கள். 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலமான சுமைக்கு அங்கே தனி அனுமதி வாங்க வேண்டும். வழியில் அப்பலாச்சிய மலை வளைவுகள் வேறு. சிறிய கேபின்களைப் பிரித்து எடுத்துப்போய் மறுபடி அடுக்குவதே வழக்கம். மூலைகளில் கட்டைகள் ஆணியில்லாமல் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால் பிரிப்பதும் எளிது. ஆகவே வீட்டின் அழகைப் பார்த்து விலை பேசாமல், கட்டை கட்டையாகப் பார்த்துப் பேசுங்கள்.

கையில் ஒரு குத்தூசியோ ஸ்க்ரூடிரைவரோ இருந்தால் போதும். முதலில் தரையை ஒட்டிய அடிக்கட்டைகள், அப்புறம் ஜன்னலுக்குக் கீழே, புகைக்கூண்டு சுவரைத் தொடும் இடம், நான்கு மூலைகள். மண்ணும் மழைத்தண்ணீரும் படுவது இங்கேதான். முனை அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் உள்ளே மக்கியிருக்கிறது. அடிக்கட்டை இரண்டு போனதற்காக வீட்டையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஜாதி மரத்தில் மாற்றிவிடலாம். கட்டைகள் கவ்வி நிற்கும் மூலை வெட்டுகள் வரிசையாக நொறுங்கியிருந்தால்தான் நான் பின்வாங்குவேன். சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் புதிதாகக் கொட்டினால் மரத்தைத் தின்னும் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மறுபடி அடுக்குமுன் அதைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் அடிக்க வேண்டும். வெளியே பலகை அடித்து மூடிய வீட்டை அசிங்கம் என்று ஒதுக்காதீர்கள். பலகைக்கு உள்ளே கட்டைகள் மழை படாமல் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

என்ன மரம் என்று கேளுங்கள். அமெரிக்க செஸ்ட்நட் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எளிதில் மக்காத மரம். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதால் புதிதாகக் கிடைக்காது. வெள்ளை ஓக்கும் நல்லதே, ஆனால் கனம். 18 அடி நீளம், ஓரடி உயரம், 6 அங்குலப் பருமன் உள்ள காய்ந்த ஓக் கட்டை 190 கிலோ வரை வரும். கிரேன் வாடகையை இப்போதே கணக்கில் சேருங்கள்.

“வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது” என்று சொல்லி விலையை ஏற்றினால் அசைந்துகொடுக்காதீர்கள். இடம் பெயர்ந்த கட்டடங்களுக்குத் தேசியப் பட்டியலில் பொதுவாக இடமில்லை. கூரை பெரும்பாலும் பின்னால் மாற்றியதாக இருக்கும், அதற்கும் காசு கொடுக்க வேண்டாம். புகைக்கூண்டுக் கற்களை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

பிரிக்குமுன் நான்கு சுவர்களையும் உள்ளும் புறமும் படம் எடுத்து, மூலைவிட்டங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் சுவரின் எழுத்து, கீழிருந்து எத்தனையாவது என்ற எண்: வடக்குச் சுவரில் மூன்றாவது என்றால் ‘வ3’. அலுமினியத் தகட்டில் பொறித்து உட்பக்கம் அடிக்க வேண்டும். சாக்பீஸும் காகிதமும் ஒரு மழைக்குத் தாங்காது. பிரித்த கட்டைகளை இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, தரையில் படாமல், கூரைக்கடியில் அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். திரும்ப அடுக்கும்போது இடைவெளிகளை வெறும் சிமென்டால் பூசாதீர்கள்; கட்டை சுருங்கி விரியும்போது அது விரிசல் விட்டு, தண்ணீரை உள்ளே வாங்கித் தேக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சுகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன.

முன்பணம் கொடுக்குமுன் உங்கள் நிலம் இருக்கும் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். தங்கும் வீடாகவா, வெறும் பட்டறையாகவா என்பதைப் பொறுத்து அஸ்திவாரம், மின்சாரம், கூரை உயரம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை மாறும். அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் விற்பவரைக் கூப்பிடுங்கள்.