ஏ.எல். படிக்கட்டுமா, தொழில் படிக்கட்டுமா?

வாசகர் கேள்வி:

"என் மகன் இந்த முறை ஓ.எல். எழுதி ஆறு பாடம் சித்தி. கணிதத்தில் சி, விஞ்ஞானத்தில் எஸ். என் தம்பி தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெக்கானிக். லீவு என்றால் மகன் அவன் பின்னாலேயே போய்விடுவான். போன மாதம் ரோலர் ஓட்டுகிற மோட்டர் ஒன்று சத்தம் போட்டிருக்கிறது. இவன் ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, 'மாமா, பின்பக்கத்து பேரிங் போச்சு' என்றானாம். கழற்றிப் பார்த்தால் அதுதானாம். இப்போது டெக்னிக்கல் படிக்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். அவன் அப்பாவுக்குத் தாங்க முடியாத கோபம். 'உங்கம்மா இத்தனை வருசம் கொழுந்து பறிச்சது நீ கிரீஸ் பூசிக்கிட்டு நிக்கிறதுக்கா? ஆர்ட்ஸ் எடுத்து டீச்சரா வா' என்கிறார். இதற்கிடையில் கொழும்பில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், பொடியனை உடனே அனுப்புங்கள், சாப்பாடு, தங்க இடம், சம்பளம் எல்லாம் தருகிறேன் என்கிறார். மூன்று பக்கமும் இழுக்கிறார்கள். நான் என்ன செய்ய?"

— பெயர் வெளியிட விரும்பாத தாய், பொகவந்தலாவை

அன்புள்ள சகோதரிக்கு,

கொழும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் ஆற அமர யோசிக்கலாம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த வயதில் மகன் மாதாமாதம் அனுப்பும் பணம் ஒரு லயத்து வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து வருடம் சாமான் ஏற்றி இறக்கி, பில் போட்டு முடித்த பிறகு அவன் கையில் என்ன இருக்கும்? வேறு ஓர் இடத்தில் காட்டக்கூடிய ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது. முதலாளியோடு மனஸ்தாபம் வந்தால் மறுநாள் வெறுங்கையோடு ஹட்டன் பஸ் ஏற வேண்டியதுதான். நம் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி உங்கள் கணவருக்கு வருகிறேன். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். நம் சமூகத்துக்குக் கைவேலை என்றால் அது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் போய் நின்று, கங்காணி சொன்ன மலையில் ஏறி, எடை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு வருகிற வேலை. பாட்டன் காலத்திலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், என் பிள்ளையின் கையில் அழுக்குப் படக் கூடாது என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆசிரியர் வேலை மேல் நமக்கு இருக்கும் மரியாதையும் அங்கிருந்து வந்ததுதான். தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒரு மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார முடியும் என்று முதலில் காட்டியவர்கள் நம் ஆசிரியர்களே.

ஆனாலும் அவரோடு சேர்ந்து ஒன்றைப் பேசிப் பாருங்கள். நீங்கள் பறிக்கும் கொழுந்தை நிறுப்பது நீங்கள் இல்லை, அதற்கு விலை வைப்பதும் நீங்கள் இல்லை. இத்தனை வருடமும் உங்களை வருத்தியது அதுதான், கையில் ஏறிய கறை இல்லை. மோட்டர் திருத்தத் தெரிந்து, அதற்குத் தகுதிச் சான்றும் வைத்திருக்கும் ஒருவன் தன் வேலைக்குத் தானே விலை சொல்லலாம். இந்த ஸ்டோர் சரிவரவில்லை என்றால் அடுத்த ஸ்டோர், இல்லாவிட்டால் ஹோட்டல், ஆஸ்பத்திரி, மின் நிலையம். பொகவந்தலாவைப் பக்கம் பெய்கிற மழைதான் கெஹெல்கமு ஓயாவாக ஓடி, காசல்ரீயில் தேங்கி, நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின் நிலையத்தையும் அதற்குக் கீழே லக்சபானவையும் சுழற்றுகிறது. பழைய லக்சபான 1950இல் ஓடத் தொடங்கியது. தலவாக்கலையில் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலையின் கொள்ளளவு 150 மெகாவாட். நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் எந்திரங்கள் நம் மலைகளுக்குள்ளேயே ஓடும்போது, அவற்றைப் பராமரிக்கிற வேலை நம் பிள்ளைகளுக்கு எட்டாத ஒன்றாக இருப்பது எனக்குப் பெரிய வேதனை.

உங்கள் மகன் செய்த காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது அனுபவப்பட்ட மெக்கானிக்மார் செய்யும் சோதனை. இரும்பு வழியாகச் சத்தம் தெளிவாக வரும். நாலு பக்கமும் ரோலரும் டிரையரும் இரைந்துகொண்டிருக்கும் ஸ்டோரில், அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு பேரிங்கின் கரகரப்பைத் தனியாகப் பிரித்து, முன்பக்கமா பின்பக்கமா என்றும் சொல்லியிருக்கிறான். சொல்லிக் கொடுத்த மாமாவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அந்த பேரிங் ஏன் போனது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும். இரண்டு பக்கத்துப் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் போகும். கிரீஸ் குறைந்தால் தேயும், கூடிப்போனால் சூடேறிப் பழுதாகும். காரணத்தைப் பிடிக்காமல் புதிய பேரிங்கைப் போட்டால், சில மாதத்தில் அதுவும் சத்தம் போடும். மலையில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. மழை மாதத்தில் ஓடாமல் கிடந்த மோட்டரின் வைண்டிங்கில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில், ஈரம் ஏறியிருக்கும். மெகர் என்ற கருவியை வைத்துக் காப்புத் தடையை (மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் அளவை) அளக்காமல் சுவிட்சைப் போட்டால் வைண்டிங் எரியலாம், மோட்டரின் உடம்பிலேயே மின்சாரம் கசியலாம். ஸ்டோரில் ஓடுவது 400 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரம், அங்கே ஊகத்தில் கைவைக்கக் கூடாது. பெரிய மோட்டர்களை ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடவிடுவதை அவன் பார்த்திருப்பான். ஸ்டாரில் தொடங்கும்போது மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. ஏன் சரியாக மூன்றில் ஒன்று என்று கணக்குப் போட்டால் 3இன் வர்க்கமூலம் வந்து நிற்கும். கணிதத்தில் எடுத்த அந்த சி இங்கேதான் கைகொடுக்கும். மாமாவின் பின்னால் எத்தனை வருடம் திரிந்தாலும் இந்தப் பக்கம் தானாக வராது. தொழில் படிப்பு என்று நான் சொல்வது இதைத்தான், உங்கள் கணவருக்கு விளங்கவேண்டியதும் இதுதான்.

இந்தப் படிப்பு எதுவரை போகும் என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் தேசிய தொழிற்தகைமை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பேச்சில் என்.வி.கியூ. என்பார்கள். அதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் இதற்கென்றே தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. அதனால் தொழில் பக்கம் போனால் படிப்பு அத்தோடு முடிந்தது என்ற பயம் வேண்டாம். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: எந்த இடத்தில் சேர்த்தாலும் 4ஆம் மட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்யக்கூடியவர் என்று ஏற்கப்படுவது அந்த மட்டத்தில்தான், டிப்ளோமாவுக்கு வழி திறப்பதும் அங்கிருந்துதான். இரண்டு மூன்று மாத கோர்ஸ் ஒன்றை முடித்து, ஒரு சேர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிவிட்டு, மறுபடியும் வேலை தேடி அலைகிற பிள்ளைகள் நம்மிடையே அதிகம்.

ஏ.எல். என்றால் ஆர்ட்ஸ் மட்டும்தான் என்றும் இல்லை. 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பவியலும் தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானமும் அதில் முக்கிய பாடங்கள். அங்கிருந்து பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடங்களுக்கும் போகலாம். உங்கள் கணவரின் ஏ.எல். ஆசையும் மகனின் ஆசையும் சந்திக்கிற இடம் அது. ஆனால் பாடசாலையை நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். அந்தப் பாடத்துக்குத் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, ஆய்வுகூடத்தை மாணவர்கள் வாரத்தில் எத்தனை தடவை பாவிக்கிறார்கள் என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். புதுக் கட்டிடம், பூட்டிய கதவு, "ஆசிரியர் வருவார்" என்ற பதில், இது மூன்றும் சேர்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பாடசாலையிலேயே தொழிற்பிரிவு என்று இன்னொன்றும் 2017இல் தொடங்கியது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் வந்த அதில் ஓ.எல். சித்தியில்லாத பிள்ளைகளும் சேரலாம். உங்கள் மகனுக்கு அது தேவைப்படாது, பக்கத்து வீட்டில் யாருக்காவது தேவைப்படலாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், போய் வரும் தூரத்தில் உண்மையாகவே இயங்கும் தொழில்நுட்பப் பிரிவு இல்லையென்றால், அவன் நேரே மின்னியல் அல்லது இயந்திரவியல் கற்கைநெறிக்குப் போகட்டும். ஏ.எல். பரீட்சையைப் பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அரசாங்கத் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குப் பல ஊர்களில் நிலையங்கள் உண்டு. நைற்றா (தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) மூலம் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே பயிலுநராகச் சேர்ந்து வேலையோடு படிக்கலாம். தூரம் பரவாயில்லை என்றால், ஜேர்மன் உதவியோடு கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த பயிற்சி நிறுவனத்தையும் விசாரியுங்கள். காசு கட்டும் தனியார் இடங்களைப் பற்றி ஒரு வரிதான்: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இல்லாத இடத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எங்கே போனாலும், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே "இந்த கோர்ஸ் தமிழில் நடக்கிறதா?" என்று கேளுங்கள். விளம்பரம் தமிழில் இருக்கும், வகுப்பு சிங்களத்தில் நடக்கும். விரிவுரை விளங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து, கொஞ்ச நாளில் நின்றுவிட்ட பிள்ளைகளை, படிக்க மனமில்லாதவர்கள் என்று ஊர் சொல்லிவிடுகிறது. அது பெரிய அநியாயம். பயிற்றுநர் எந்த மொழியில் விளங்கப்படுத்துவார், கேள்வித்தாள் எந்த மொழியில் வரும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "சமாளிக்கலாம்" என்பது பதில் இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. கூச்சப்படாமல் கேளுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. கூடவே மகன் சிங்களம் பேசப் பழகத்தான் வேண்டும். வேலைத்தளத்தில் பக்கத்தில் நிற்பவர் "மெயின் சுவிட்சைப் போடாதே" என்று கத்தினால் அந்த நொடியே விளங்க வேண்டும். மோட்டரின் பெயர்த் தகட்டையும் கையேட்டையும் வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலமும் தேவை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களை அதற்குச் செலவழிக்கட்டும்.

இதே கடிதத்தை ஒரு தாய் தன் மகளுக்காக எழுதியிருந்தாலும் நான் ஒரு வரியையும் மாற்றியிருக்க மாட்டேன். மோட்டர் வைண்டிங் பொறுமையும் விரல் நுணுக்கமும் கேட்கிற வேலை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற நம் பெண்களின் விரலுக்கு அதைச் செய்ய வராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அவர் எங்கேயும் படித்துச் சான்றிதழ் வாங்கியவராகத் தெரியவில்லை. அனுபவத்தில் தொழில் கற்றவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. கிடைக்க வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளின் விவரத்தையும் அத்தாட்சிகளையும் கோவைப்படுத்திக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்துக் கேள்வி கேட்பார். நைற்றாவில் விசாரிக்கலாம். இத்தனை வருடம் ஸ்டோரை ஓடவைத்த ஒருவர் தகுதிச் சான்று இல்லாதவராகவே ஓய்வுபெறக் கூடாது. சேவைக் காலத்தைக் காட்டும் கடிதம் ஒன்றைத் தோட்ட அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவர் கடமை, மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அவன் அப்பாவும் வரட்டும், பயிற்சி நிலையத்தின் வேர்க்ஷொப்பை அவர் தன் கண்ணால் பார்ப்பது வீட்டில் பத்து நாள் வாதாடுவதைவிட நல்லது. போவதற்கு முன் மகனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு மூன்றையும் மேசையில் ஒன்றாக வைத்துப் பெயரைப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்தாலும் திருத்துவதற்கு உடனே விண்ணப்பியுங்கள், நாள் எடுக்கும். தகப்பன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.